பெயர் வெட்டாத தட்டு

திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவில் ஒரு பாத்திரக்கடை வாசலில் பெயர் வெட்டுகிறவர் உட்கார்ந்திருப்பார். சின்ன மெஷின், கிர்ரென்று சத்தம், எழுத்துக்கு இவ்வளவு என்று காசு. 2005ஆம் வருஷம் சித்திரை வாக்கில் அம்மா அங்கே ஒரு பை நிறைய எவர்சில்வர் தட்டுகளைக் கொண்டுபோனாள். பையைத் தூக்க நான். முழுப்பெயர் வேண்டாம், முதல் இரண்டு எழுத்து போதும் என்று சொல்லிவிட்டு ஒவ்வொரு தட்டாக எடுத்து நீட்டினாள். ஆறு தட்டு முடிந்தது. பையில் இன்னும் ஒன்று மிச்சம் இருந்ததைப் பார்த்துவிட்டு, “அது யாருக்கும்மா?” என்று கேட்டார் அவர்.

“அது சும்மா வீட்டுத் தட்டுங்க. வெட்ட வேணாம்” என்றாள் அம்மா.

அந்தச் சும்மாத் தட்டு என்னுடையது. நான் அப்போது எட்டாம் வகுப்பு. அழவெல்லாம் இல்லை. நமக்குத்தான் வீடே இருக்கிறதே, தட்டில் பெயர் எதற்கு என்று எனக்கே தோன்றியது. இருபது வருஷம் கழித்து, போன மாதம் எங்கள் வீட்டுக்கு விசாரிக்க வந்த ஒரு பெண் படிவத்தில் ஓர் எண்ணை எழுதியபோதுதான் அந்தத் தட்டு மறுபடி ஞாபகத்துக்கு வந்தது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளும்.

அம்மா பிறந்த ஊர் தேவனாம்பட்டினம். வாக்கப்பட்டது கடலூர் முதுநகரில். அங்கேயே ஒரு தொடக்கப் பள்ளியில் டீச்சர். அப்பாவுக்குத் துறைமுகத்துப் பக்கம் ஓர் ஐஸ் பிளாண்டில் வேலை. நாட்டு ஓடு போட்ட வீடு: திண்ணை, கூடம், இரண்டு அறை, பின்கட்டில் அடிபம்பு, அதற்கும் பின்னால் கக்கூஸ். அதில் நாங்கள் ஐந்து பேர், ஆயாவையும் சேர்த்து.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை கடல் ஊருக்குள் வந்தது. அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை முறையான சித்தி போய்விட்டார். சித்தப்பா பிழைத்தார், ஆனால் படகும் வலையும் போன மனுஷன் எழுந்து நிற்கவே இல்லை. காரியம் முடிந்த கையோடு மூன்று பிள்ளைகளையும் எங்கள் வீட்டில் விட்டுவிட்டு, “ஒரு மாசம் பாத்துக்கங்க அண்ணி, வந்து கூட்டிக்கிறேன்” என்றார். பொங்கல் போய், மாசிமகமும் போனது. பிள்ளைகள் எங்கள் வீட்டிலேயே இருந்தார்கள். பெரியவளுக்குப் பத்து வயது, நடுவில் ஒரு பையன், கடைக்குட்டிக்கு நாலு. மூன்று பேரையும் பிரித்து மூன்று வீட்டில் விடலாம் என்று சொந்தத்தில் பேச்சு எழுந்தது. அம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

அதற்குள் டீச்சர் வீட்டில் சேர்த்துக்கொள்வார்கள் என்று ஊரில் பேச்சாகிவிட்டது. குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன ஒருத்தி இரண்டு பிள்ளைகளை விட்டுப் போனாள். அம்மாவின் வகுப்பில் படித்த ஒருவனுக்குத் தாத்தாவைத் தவிர யாரும் இல்லை, அந்தத் தாத்தாவும் படுத்துவிட்டார். தட்டில் பெயர் வெட்டிய ஆறு பேர் இவர்கள்தான். இப்படியே போய் 2009 ஆனபோது, வந்த பிள்ளைகள் மொத்தம் ஒன்பது, சொந்தப் பிள்ளைகள் இரண்டு, ஆக மொத்தம் பதினொன்று. யாரும் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடவில்லை. நம் பக்கம் பிள்ளை வளர்ப்பு காலங்காலமாக அப்படித்தான் நடந்திருக்கிறது. அத்தை வீடு, பெரியம்மா வீடு, டீச்சர் வீடு.

“ஒரு பிடி அரிசி கூடப் போட்டா ஆச்சு” என்பாள் ஆயா. சோற்றைப் பொறுத்தவரை அந்தக் கணக்கு சரிதான், சாம்பாரில் இன்னொரு சொம்புத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளலாம். தலை வாரிவிடுவதில் ஊற்ற முடியாது.

தலை வாரும் கதையைச் சொல்லிவிடுகிறேன். காலை ஏழு மணிக்குப் பின்கட்டுப் படியில் அம்மா உட்காருவாள். பெண் பிள்ளைகள் வரிசையாக ஒருத்தி பின் ஒருத்தியாக அவள் முழங்காலுக்கிடையில் உட்கார வேண்டும். எண்ணெய், சீப்பு, ரெட்டைச் சடை, ரிப்பன். முதலில் நாலு பேர் இருந்தபோது அம்மா சடை பின்னிக்கொண்டே பேசுவாள். நேற்று பள்ளிக்கூடத்தில் யார் அடித்தது, கணக்கு டெஸ்ட் என்ன ஆச்சு, ஏன் மூஞ்சி உம்மென்று இருக்கிறது. எங்களுக்கெல்லாம் அம்மா கிடைத்தது அந்த ஐந்து நிமிஷம்தான். ஆறு பேர் ஆனபோது பேச்சு நின்றது, சீப்பு மட்டும் ஓடியது. 2009 கோடை விடுமுறையில் ஒரு நாள் எங்கள் எல்லோருக்கும் கிராப் வெட்டிவிட்டாள். பேன் தொல்லை என்று அக்கம்பக்கத்தில் காரணம் சொன்னாள். பேனும் இருந்தது, பொய்யில்லை. ஆனால் நான் அப்போது காலேஜ் சேரப்போகிற பெண். என் முடியும் போயிற்று. “ஒருத்திக்கு மட்டும் விட்டா மத்ததுங்க ஏங்கிப்போவும்” என்றாள்.

அந்த வருஷம்தான் இன்னொன்றும் நடந்தது. கடைசியாக வந்து சேர்ந்தவன் ஏழு வயதுப் பையன். சத்தமே போட மாட்டான், சொன்ன பேச்சைக் கேட்பான். “இவன் ஒருத்தனால எனக்குத் தொல்லையே இல்ல” என்று அம்மா எல்லோரிடமும் சொல்வாள். நான் விடியற்காலை நாலரைக்குப் படிக்க எழுந்தால் சில நாள் அடிபம்பு சத்தம் கேட்கும். பால்காரர் மாட்டுக்குத் தண்ணீர் அடிக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். ஐந்தாறு மாதம் கழித்து, முந்திரி மூட்டைக்குப் பின்னால் சுருட்டி வைத்திருந்த ஈரப் போர்வையை ஆயா கண்டுபிடித்தாள். பையன் தினமும் படுக்கையை நனைத்திருக்கிறான். யாருக்கும் தெரியாமல் எழுந்து, இருட்டில், அந்தப் பம்புக் கைப்பிடியில் தொங்கித் தொங்கித் தண்ணீர் அடித்துத் துவைத்திருக்கிறான். காயாத அன்றைக்கு மூட்டைக்குப் பின்னால் ஒளித்துவிட்டு, இரவில் அந்த ஈரப் போர்வையையே போர்த்திக்கொண்டிருக்கிறான்.

அம்மா அன்றைக்குப் பள்ளிக்கூடம் போகவில்லை. அவனை ஒன்றும் சொல்லவும் இல்லை. பின்கட்டுப் படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் புதிதாக யாரையும் சேர்க்கவில்லை. ஊரில் சிலருக்கு அதில் வருத்தம். “டீச்சர் மாறிட்டாங்க” என்றார்கள்.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன்.

அரசாங்கத் தமிழில் இதற்கு ‘வளர்ப்புப் பராமரிப்பு’ என்று பெயர். ஃபாஸ்டர் கேர் என்றால் இன்னும் பலருக்குப் புரிகிறது. இது தத்து இல்லை. குழந்தைகள் நலக் குழு உத்தரவு போட்டு, பெற்றவர்களோடு இருக்க முடியாத ஒரு பிள்ளையை இன்னொரு குடும்பத்தில் வளர விடுவது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் 44ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. கூடப்பிறந்தவர்களை முடிந்தவரை ஒரே வீட்டில் வைக்க வேண்டும் என்பதும் அந்தப் பிரிவிலேயே இருக்கிறது. அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டியபோது, “நான் அப்பவே சொன்னேன்ல” என்றாள், ஏதோ தானே எழுதிய சட்டம் மாதிரி. மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய். 2024இல் மத்திய அரசு வழிகாட்டு நெறிமுறைகளைத் திருத்தி, கல்யாணம் ஆகாதவர்கள், துணையை இழந்தவர்கள், பிரிந்து வாழ்கிறவர்களும் வளர்க்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. நல்ல விஷயம்.

எத்தனை பிள்ளை என்ற கேள்விக்கு ஊருக்கு ஊர் ஒரு பதில். இங்கிலாந்தில் 1989ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு வீட்டில் மூன்று வளர்ப்புப் பிள்ளைகள். நாலாவது வந்தால், எல்லாரும் கூடப்பிறந்தவர்களாக இருக்க வேண்டும், இல்லை உள்ளூர் நிர்வாகம் தனியாக விலக்குத் தர வேண்டும். ரெண்டும் இல்லையென்றால் அந்த வீட்டைக் குழந்தைகள் இல்லமாகவே கருதிவிடுவார்கள், அதற்குரிய சட்டதிட்டம் எல்லாம் வந்து உட்காரும். அமெரிக்காவில் 2018இல் வந்த கூட்டரசுச் சட்டம் ஆறு என்று கோடு போட்டது. கூடப்பிறந்தவர்கள் பிரியாமல் இருக்க, கைக்குழந்தையோடு வரும் இளம்பெண் தன் குழந்தையோடு இருக்க, ஏற்கெனவே அந்தக் குடும்பத்தோடு ஒட்டுதல் உள்ள பிள்ளை அங்கேயே இருக்க, கடுமையான ஊனம் உள்ள பிள்ளையைப் பயிற்சி பெற்ற குடும்பம் பார்த்துக்கொள்ள என்று அதில் சில விலக்குகள்.

நம் நாட்டில் குழுவாக வளர்க்கும் வீடு என்று ஒரு வகை உண்டு. இளைஞர் நீதிச் சட்டத்துக்கு 2016இல் மத்திய அரசு போட்ட மாதிரி விதிகளில் அதற்கு அதிகபட்சம் எட்டுப் பிள்ளைகள். எட்டா என்று முதலில் எனக்குச் சப்பென்று போயிற்று. இங்கிலாந்தில் மூன்று, இங்கே எட்டா? அப்புறம் அடுத்த சொற்களைப் படித்தேன். வளர்ப்பவர்களின் சொந்தப் பிள்ளைகளும் அந்த எட்டில் சேர்த்தி.

அந்த வரியை நான் நாலைந்து முறை படித்திருப்பேன். இங்கிலாந்தின் மூன்றில் சொந்தப் பிள்ளை கிடையாது. அமெரிக்கச் சட்டத்தின் ஆறும் வளர்ப்புப் பிள்ளைகளின் கணக்குதான். நம் விதியை எழுதியவர் யாரோ தெரியாது, அவர் எங்கள் மாதிரி ஒரு வீட்டில் கூடத்து ஓரத்தில் படுத்து வளர்ந்தவராகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். என் அண்ணன் பன்னிரண்டாவது முடித்ததும் புதுச்சேரியில் வேலை என்று கிளம்பி முதலியார்பேட்டையில் ரூம் எடுத்துக்கொண்டான். இருபத்திச் சொச்சம் கிலோமீட்டர்தான், வாரத்துக்கு ஒரு முறையாவது வந்து போயிருக்கலாம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் வந்தான். அம்மா அதைச் சம்பாத்தியத்தின் மேல் உள்ள ஆர்வம் என்று எடுத்துக்கொண்டாள். எனக்குக் கல்யாணம் ஆன பிறகு ஒரு நாள் அவன் சொன்னது: “வீட்ல எனக்குன்னு ஒரு ஆணி கூட இல்ல, சட்டை மாட்ட.”

எட்டு இன்னும் அதிகம் என்பதுதான் என் கட்சி. இரண்டு பெரியவர்கள், அதில் ஒருவர் வேலைக்குப் போகிறவர் என்றால், ஆறு. இதற்கு ஆராய்ச்சி எதுவும் என் கையில் இல்லை. ராத்திரி இருட்டில் யாராவது இருமினால், விளக்குப் போடாமலே அது யார் இருமல் என்று அம்மாவுக்குத் தெரியும். ஆறேழு பேர் வரைக்கும் தெரிந்தது. அதற்கு மேல் போனபோது, “யாரு அது?” என்று கேட்க ஆரம்பித்தாள். எட்டாவது பிள்ளையிலிருந்து அம்மா எங்களுக்கு வார்டன்.

பெரிய இல்லங்களுக்கும் அளவு உண்டு. அந்த 2016 மாதிரி விதிகளிலேயே ஐம்பது பிள்ளைகளுக்கான இல்லத்துக்கு, இருபத்தைந்து பேர் படுக்கும் கூடம் 1,000 சதுர அடி இருக்க வேண்டும். ஒரு பிள்ளைக்கு 40. எங்கள் ஹாலில் சாக்பீஸால் ஐந்துக்கு எட்டு கோடு போட்டுப் பார்த்தேன். ஒரு பாய், ஒரு டிரங்குப் பெட்டி, காலை நீட்டினால் அடுத்தவன் மேல் படாத அளவு இடைவெளி. அவ்வளவுதான், ஆனால் அவ்வளவு இருக்கிறது. ஏழு பிள்ளைகளுக்கு ஒரு கழிப்பறையும் வேண்டும். எங்கள் வீட்டில் பதினாலு பேருக்கு ஒன்று. பரீட்சை அன்று காலையில் நாங்கள் போட்ட சண்டையை எழுதினால் பதிவு நாறிவிடும், விட்டுவிடுகிறேன்.

பதிவு செய்யாமல் இல்லம் நடத்தினால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும் என்று சட்டம் சொல்கிறது. 2017 மே மாதம் உச்ச நீதிமன்றம் எல்லா இல்லங்களையும் அந்த ஆண்டு முடிவதற்குள் பதிவு செய்யச் சொல்லித் தீர்ப்புக் கொடுத்தது. அந்த வழக்கின் பெயரிலேயே தமிழ்நாடு இருக்கிறது. மகாபலிபுரம் பக்கத்து இல்லங்களில் பிள்ளைகள் பட்ட பாடு பற்றிப் பத்திரிகையில் வந்த செய்திதான் வழக்குக்கு மூலம். நமக்குப் பெருமை இல்லை.

ஆனால் அளவை மீறவைப்பதில் நமக்கும் ஒரு கை இருக்கிறது. பையனின் முதல் பிறந்தநாளுக்கு ஓர் இல்லத்தில் சாப்பாடு போடலாம் என்று நானும் வீட்டுக்காரரும் விசாரித்தோம். ஓரிடத்தில் பன்னிரண்டு பிள்ளைகள், இன்னோரிடத்தில் எழுபது சொச்சம். மாமியார் உடனே, “எழுபது பேருக்குப் போட்டா புண்ணியம்ல” என்றார். நாங்களும் எழுபதுக்குத்தான் போனோம். பிள்ளைகள் வரிசையாக நின்று ஹேப்பி பர்த்டே பாடினார்கள். முன்வரிசையில் நின்றவன் என் பையனைப் பார்க்கவே இல்லை, பிரியாணி அண்டாவையும் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தான். அந்த வாரத்தில் எத்தனையாவது பிறந்தநாளோ. இந்த ஊரில் எண்ணிக்கை கூடினால் நன்கொடையும் கூடுகிறது. பன்னிரண்டு பேரை வைத்து ஒழுங்காக நடத்துகிறவர் அரிசிக்கு அலைகிறார்.

நம் பக்கத்துக்கென்று தனியாக ஒரு தலைவலியும் உண்டு. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் ஒரு கோடு போகிறது. அந்தப் பக்கம் முள்ளோடை, இந்தப் பக்கம் வந்தால் ஆல்பேட்டை செக்போஸ்ட். கோட்டுக்கு அந்தப் பக்கம் வேறு அரசாங்கம், வேறு குழந்தைகள் நலக் குழு. அக்கா பாண்டியில் ஓர் இல்லத்தில், தம்பி கடலூரில் ஓர் இல்லத்தில் என்று இருந்த இரண்டு பேரை ஒன்றாகச் சேர்க்க எத்தனை மாதம் ஆயிற்று என்று, இந்தத் துறையில் இருக்கும் என் தோழி ஒருத்தி சொன்னாள். இரவோடு இரவாகச் சரக்குப் பாட்டில் தாண்டிவிடுகிற அந்த எல்லையை ஒரு ஃபைல் தாண்டுவதற்குள் பையன் ஒரு வகுப்பு ஏறிவிட்டான்.

2011 டிசம்பர் 30 விடிகாலை, தானே புயல். கடலூர்க்காரர்களுக்கு அந்த ராத்திரியை விவரிக்கத் தேவையில்லை. ஓடுகள் ஒவ்வொன்றாகப் பறக்க ஆரம்பித்ததும் அம்மா எல்லோரையும் உள்ளறையில் தள்ளி, டார்ச்சைப் பிடித்துக்கொண்டு பெயர் கூப்பிட்டாள். ஒவ்வொரு பெயருக்கும் ஓர் “இருக்கேன்”. ஒன்பது பெயர். எல்லாம் சரி என்று டார்ச்சை அணைத்தாள், பேட்டரி போய்விடக் கூடாதே. நான் அவள் பக்கத்திலேயே கதவுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டு நின்றேன். என்னைக் கூப்பிட வேண்டிய அவசியமே இல்லை, என் தோள் அவள் மேல் இடித்துக்கொண்டுதான் இருந்தது. இருந்தாலும் பத்தாவதாக என் பெயர் வரும் என்று “இருக்கேன்”னை வாயில் வைத்துக்கொண்டு நின்றது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அம்மாவைக் குறை சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒன்பது பேரும் இன்று நன்றாக இருக்கிறார்கள். போர்வைப் பையன் வேலையில் சேர்ந்து முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு வாஷிங் மெஷின் வாங்கிக் கொடுத்தான். அம்மா சிரித்துவிட்டு அடுக்களைக்குள் போய் அழுதாள். அவர்கள் பெயரை எழுதப் போவதில்லை, அது அவரவர் கதை.

போன மாதத்துக்கு வருகிறேன். நானும் வீட்டுக்காரரும் வளர்ப்புப் பெற்றோராக விண்ணப்பித்திருக்கிறோம். ஒரு பிள்ளைதான் கேட்டிருக்கிறோம், கூடப்பிறந்தவர் இருந்தால் இரண்டு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து ஒரு பெண் ஸ்கூட்டியில் வந்தார். என்னைவிடச் சின்னவர். ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வீடு, சம்பளம், அக்கம்பக்கம் எல்லாம் கேட்டார். பாத்ரூமை எட்டிப் பார்த்தார். “இப்ப வீட்ல பிள்ளைங்க எத்தனை?” என்று கேட்டார்.

“இன்னும் யாரும் வரலைங்க மேடம்” என்றேன்.

“இல்லங்க, இருக்கிற பிள்ளை.” உள்ளே டிவி சத்தம் கேட்ட பக்கம் பேனாவைக் காட்டினார்.

“ஓ. ஒரு பையன்.”

கட்டத்தில் 1 என்று எழுதினார். எழுதிவிட்டு, அவனோடு தனியாகப் பத்து நிமிஷம் பேச வேண்டும் என்றார். எட்டு வயதுப் பையனிடம் என்ன பேச இருக்கிறது என்று வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். எனக்கு அந்த நேரத்தில் பேச்சு வரவில்லை. தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று உள்ளே போய்விட்டேன்.

அன்று சாயங்காலமே முதுநகர் போய் அம்மாவிடம் தட்டுக் கதையைச் சொன்னேன். அவளுக்கு அது ஞாபகமே இல்லை. “உனக்குத் தட்டு இல்லாமயா போச்சு? நீ குண்டான்லயே சாப்பிடுவியே” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து பரணில் தேடினாள். பெயர் வெட்டிய தட்டுகளில் நாலுதான் மிச்சம் இருந்தன. என் தட்டு எது என்று கண்டுபிடிக்க வழியில்லை, அதில்தான் ஒன்றும் எழுதியிருக்காதே.

உத்தரவு இன்னும் வரவில்லை. அந்தப் பெண் என்ன கேட்டார் என்று பையனிடம் கேட்டால் பெரிய மனுஷன் மாதிரி, “அது எங்களுக்குள்ள” என்கிறான். ஒன்றை மட்டும் சொல்லிவிட்டான். வருகிறவனுக்குக் கட்டிலில் பாதி, சைக்கிளில் ஒருநாள் விட்டு ஒருநாள், கிரிக்கெட்டில் ஃபர்ஸ்ட் பேட்டிங் கூடத் தருவானாம். ஜன்னல் பக்கம் மட்டும் தர மாட்டானாம்.